அர்ச்சனையில் சொன்ன பெயர்

தாமரை வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைக் கேட்டபிறகு அவை மனத்தில் நிற்காது.

மலேசியாவில் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியலுக்கு ஏ. ஐந்து வருஷம் பள்ளிக் கழிவறைப் பக்கமே போகாமல், பகல் இரண்டு மணிவரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் படித்து வாங்கிய ஏ அது. கார் ஓட்டும் உரிமம், மூன்றாவது தடவையில். முதல் இரண்டு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்த பரிசோதகர் சாலையைப் பார்க்கவில்லை, அவள் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் செட் பட்டறையில் வேலை. பதினொரு இடங்களில் ‘பிறகு கூப்பிடுகிறோம்’ என்று அனுப்பிவைத்த பின் பன்னிரண்டாவது இடத்தில் கிடைத்தது. அங்கே ஆறு வருஷத்தில் அவள் செய்த பல் செட்டுகளில் ஆடுகிறது, கடிக்கவில்லை என்று திரும்பி வந்தவை மொத்தம் நான்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா நல்லம்மாள் கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தாதியிடம், “என் சின்ன மக வந்துட்டாளா?” என்று கேட்டது. மகள் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத் தாமரை இருபத்து நான்கு வருஷம் காத்திருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் தாமரைதான். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவள் அவளுடைய அக்கா லோகேஸ்வரி. ஆறு வயது மூத்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, அவர்கள் குடியிருக்கும் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தவள், இருபது வருஷத்துக்கு மேலாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவாள். இரண்டு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சொட்டு அரும்பும். உடனே தேதி, நேரம், எந்த இயந்திரம், எந்த விரல் என்று எழுதிவிடுவாள். எழுதாத குறையை யாரும் குறையாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே அவள் கற்றுக்கொண்டது.

2023 நவம்பர் இருபதாம் தேதி, திங்கட்கிழமை மாலை, தாமரை வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

“என்னா?”

“ஒண்ணுமில்லக்கா. ஒரு நீல மோட்டார். ஸ்டேஷன்லேர்ந்து பின்னாலயே வந்துச்சு.”

“மோட்டார்னா ரோட்டுல வரத்தான் செய்யும்.”

“நான் நடந்தா அதுவும் வருது. நான் நின்னா அதுவும் நிக்குது. ஹார்ன் அடிக்கல, ஒண்ணும் சொல்லல. சும்மா நிக்கிறான்.”

“மூஞ்சிய பாத்தியா?”

“கறுப்பு ஹெல்மெட். கண்ணாடிய இறக்கி விட்டிருந்தான். உள்ள மாஸ்க்கு வேற. நம்பர் பிளேட்ல பிளாஸ்டிக் பை சுத்தியிருந்துச்சு.”

பிளாஸ்டிக் பை என்றதும் லோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். வம்புக்கு வருபவன் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான். வண்டி எண்ணை மூடிக்கொண்டு வருபவன் வேறு கணக்கில் வருகிறான். அலமாரியிலிருந்து பாதி எழுதிய பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, சுத்தமான பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஆறு கட்டம் போட்டாள். தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள், கேட்டவர்கள்.

“கேட்டவங்கன்னா?” என்றாள் தாமரை எட்டிப் பார்த்து.

“ஏன்டா இப்படிப் பண்றேன்னு அவனக் கேட்டவங்க.”

“அந்தக் கட்டத்த சின்னதாப் போடுக்கா. எடம் மிச்சம்.”

அவள் சொன்னதுதான் நடந்தது. புத்தகத்தில் எழுதியது ஹெல்மெட்காரனைப் பற்றி மட்டுமில்லை. ஒரு தடவை எழுத ஆரம்பித்த பிறகுதான் எவ்வளவு இருந்தது என்று அக்காவுக்கே தெரிந்தது. டிசம்பர் ஆறு, கிள்ளானிலிருந்து புறப்படும் 7.10 ரயில், பெண்கள் பெட்டி. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “இது லேடீஸ் கோச் லா, தெரியலையா?” என்றாள்.

“தெரியும் ஆன்டி.”

“தெரிஞ்சுமா ஏறுன? எங்க, ஐசியக் காட்டு.”

அடையாள அட்டையைக் காட்டாமல், அடுத்த நிலையத்தில் தாமரை இறங்கிப் பக்கத்துப் பெட்டியில் ஏறினாள். அங்கே கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். “அக்காவா அண்ணனா, சொல்லிட்டு உக்காருங்க!” பெட்டி முழுக்கச் சிரிப்பு. கே.எல். சென்ட்ரல் வரைக்கும் அவள் நின்றுகொண்டே போனாள். பார்த்தவர்கள்: சுமார் நாற்பது. கேட்டவர்கள் கட்டத்தில் லோகேஸ்வரி ஒரு கோடு போட்டாள்.

ஜனவரி பத்தாம் தேதி மோட்டார்க்காரன் முதல் தடவையாக ஒரு காரியம் செய்தான். பக்கத்தில் வந்து, பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டுக் கட்டிய சிராப் சர்பத்தை அவள் நெஞ்சில் அடித்துவிட்டுப் போனான். ரோஜா நிறம், புதுச் சட்டை முழுக்க. சாலையோரக் கடையில் நின்றவர்கள் கைகொட்டினார்கள். “பொண்டானுக்குக் குளிருது டோய்!” என்று அவளைப் போன்றவர்களை ஏசும் மலாய்ச் சொல்லால் ஒருவன் கத்தினான். வீட்டுக்கு வந்து சட்டையைத் தண்ணீரில் ஊறப்போடும்போது தாமரை, “சீனி கம்மி” என்றாள். அன்றிலிருந்து லோகேஸ்வரி காலை ஷிப்ட் முடிந்ததும் தூங்காமல், தினமும் மாலை ஆறு ஐம்பதுக்குத் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் போய் நின்றாள். அவளைப் பார்த்தால் அவன் நெருங்குவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், எஞ்சினை அணைக்காமல் நிற்பான். அவர்கள் கிளம்பியதும் அவனும் கிளம்புவான். வீடு இருக்கும் பிளாட்டின் கீழே திரும்பும் முனைவரை வந்து, அங்கே நின்றுவிடுவான்.

இப்போது அக்கா செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அம்மன் கோயிலுக்குப் போவார்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள், “பேரு, நட்சத்திரம்?” என்பார். வீட்டில், கடையில், பிளாட் படிக்கட்டில் எல்லாம் தாமரை தாமரை என்று வாய் நிறையக் கூப்பிடும் லோகேஸ்வரி, அந்த ஓர் இடத்தில் மட்டும் தலையைக் குனிந்து, தங்கையின் பழைய பெயரைச் சொல்லுவாள். பிறந்தபோது வைத்த பெயர், ஜாதகத்தில் எழுதிய பெயர், இன்றைக்கும் அடையாள அட்டையில் இருக்கும் பெயர். அது இந்தக் கதைக்கு வேண்டாம். சாமிக்குத் தெரிந்த பெயர் அதுதான், ஜாதகத்தில் இல்லாத பெயரைச் சொன்னால் வேண்டுதல் வேறு யாருக்கோ போய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம். தொழிற்சாலையில் ஒட்டுச்சீட்டின் எண் மாறினால் பெட்டி வேறு தேசத்துக்குப் போய்விடுமே, அந்த மாதிரி பயம். ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல் சொன்னாள். குருக்கள் அதை மந்திரத்தோடு மந்திரமாக முணுமுணுப்பார். யார் காதிலும் விழாது.

பிப்ரவரி இரண்டாம் தேதி தை வெள்ளி. நல்ல கூட்டம். குருக்கள் சட்டையில்லாத மார்பில், பூணூலோடு சேர்த்து ஒரு சின்ன மைக்கைச் செருகியிருந்தார். லோகேஸ்வரி பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணம் நான்கு தூணிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது வந்தது. லோகேஸ்வரி, ரோகிணி நட்சத்திரம். அடுத்து, ஓர் ஆணின் பெயர், சுவாதி நட்சத்திரம். தட்டுக்கு முன்னால் நின்றது இரண்டு பெண்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தூணோரம் முகக்கவசம் போட்ட ஒருவன், கறுப்பு ஹெல்மெட் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி கும்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியில் வைத்தால் ஹெல்மெட் திருடுபோகும் என்று உள்ளே கொண்டுவருபவர்கள் எத்தனையோ பேர். லோகேஸ்வரி அவனைப் பார்த்தாள். விபூதி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் எழுதுகிறவள், அதை மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறியதும் தாமரை அக்காவைக் கைப்பேசியில் அழைத்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

“அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுறான்க்கா.”

“எந்தப் பேர?”

“அந்தப் பேரத்தான். ஸ்டேஷன் படிக்கட்டுல. மெதுவா, அம்மா கூப்பிடுற மாதிரி. ரெண்டு தடவ.”

லோகேஸ்வரி அன்று மாலை அதை எழுதினாள். எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கியது. அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தங்கை கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி பிரிக்பீல்ட்ஸில், பட்டறைக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில் ஐந்து தாள்கள் ஒட்டியிருந்தன. ரயில் மேடையில் பின்னாலிருந்து எடுத்த தாமரையின் படம், கீழே கொட்டை எழுத்தில் பழைய பெயர், அதற்குக் கீழே ‘பிள்ளைகள் ஜாக்கிரதை’. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு டியூஷன் நிலையம் இருக்கிறது.

பட்டறை ரேமண்டுடையது. அறுபது வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கழுத்துச் சங்கிலியில் சிலுவை, விரல் நுனியில் எப்போதும் மெழுகு. தாமரைக்கு வேலை கொடுத்த நாளில் வெள்ளை மேலங்கியில் அவள் சொன்ன பெயரையே நூலால் எழுதிக் கொடுத்தவர் அவர். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரைவரை, பல் டாக்டர்கள் போன் செய்தால்கூட, “தாமரை இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். உலகத்தில் அவளுக்கு அப்படி இருந்தது அந்த ஓர் இடம். அந்தத் தாள்களால் அதுவும் போய்விடக் கூடாது என்று மார்ச் எட்டாம் தேதி லோகேஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கையோடு அங்கே போனாள்.

“லோகேஸ், நான் வேணாம்னு சொல்லலம்மா,” என்றார் ரேமண்ட். கையில் ஒரு பல் வரிசையை வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “கீழ பேரன்ட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க. கட்டடக்காரன் ரெண்டு தடவ போன் அடிச்சிட்டான்.”

“பிரச்சனை பண்றது அவ இல்லியே அங்கிள்.”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பேப்பர்ல இருக்கா? போலீஸ்ல ஒரு ரிப்போர்ட் போட்டுக் கொண்டா. இந்தப் பொண்ண ஒருத்தன் தொரத்துறான், பாதிக்கப்பட்டது இவதான்னு அதக் காட்டி நான் சண்டை போடுறேன். அடுத்த வெள்ளிக்குள்ள. இல்லன்னா ஒரு மாசம் வீட்ல இருக்கட்டும்.”

“ஒரு மாசம் கழிச்சு?”

ரேமண்ட் பல் வரிசையை மேசையில் வைத்தார். “பாப்போம் லா,” என்றார். அந்த வார்த்தையைத்தான் முந்தைய பதினொரு இடங்களும் வேறு வேறு விதத்தில் சொல்லியிருந்தன.

ரயிலில் திரும்பும்போது லோகேஸ்வரி, “நாளைக்கே போய் ரிப்போர்ட் போட்டுருவோம்” என்றாள்.

“நான் வரமாட்டேன்.”

“நான் பேசுறேன். நீ சும்மா நில்லு.”

“சும்மா நிக்க விடுவாங்களா? ஐசியப் பாப்பான். என்னயப் பாப்பான். சிரிப்பான். அப்புறம் எங்க தங்கியிருக்க, என்னா தொழில்னு என்னத்தான் கேப்பான்.”

அவளுக்கு அது கற்பனையில்லை. இருபத்திரண்டு வயதில், தோழிகளோடு சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நின்றதற்காக ஒரு போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அது எந்த ஊர் நிலையம் என்று அக்காவிடம்கூட அவள் சொன்னதில்லை. நடந்து காட்டச் சொன்னார்களாம். குரலை மாற்றிப் பேசிக் காட்டச் சொன்னார்களாம். விடிந்ததும் ஒரு தாளில் பழைய பெயரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். பதினெட்டு வயதில் பழகிய அந்தக் கிறுக்கலைத்தான் வங்கி, உரிமம், சம்பளச் சீட்டு என்று எங்கேயும் இன்றுவரை போட்டுவந்தாள். போடும்போதெல்லாம் அந்த இரவு ஞாபகம் வரும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ரிப்போர்ட் என்ற பேச்சை எடுத்தால் தாமரை எழுந்து போய்விடுவாள்.

புதன்கிழமை, மார்ச் பதின்மூன்று. ரமலான் நோன்பு மாதத்தின் இரண்டாம் நாள். லோகேஸ்வரியின் பிரிவில் மூன்று பேர் வரவில்லை. மேற்பார்வையாளர் அவளை ஏழு மணிவரை இருக்கச் சொல்லிவிட்டார். ‘ஸ்டேஷன்லயே நில்லு, 7.30க்கு வந்துருவேன், வெளிய வராத’ என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். தாமரையும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் கிள்ளானில் சாலை காலியாகிவிடும். ஏழு மணிக்கு நெரிசலாக இருந்த இடம் ஏழே கால் ஆனதும் யாரோ துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். நிலைய வாசலில் பலகாரம் விற்பவர்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஆளில்லாத வாசலில் நிற்பதைவிட ஐம்பதடி தள்ளிக் கடைவரிசை விளக்குக்குப் போவது நல்லது என்று தாமரை நினைத்தாள். கடைகளும் மூடியிருந்தன என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

லோகேஸ்வரி வந்தபோது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு காகம்கூட இல்லை. நிலைய வாசலில் தங்கை இல்லை. வண்டியை மெதுவாக ஓட்டினாள். முதலில் தெரிந்தது ஒற்றைச் செருப்பு. பிறகு கைப்பை, வாய் பிளந்து கிடந்தது. பிறகு அந்த நீல மோட்டார். கடையின் இரும்புக் கதவோடு தாமரையை நிறுத்தி, முன்சக்கரத்தை அவள் முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கண்ணாடியை ஏற்றி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தான். அவள் முகத்துக்கு நேரே குனிந்து அந்தப் பழைய பெயரைச் சொன்னான். துப்பினான். மறுபடி சொன்னான்.

லோகேஸ்வரி ஹார்னை அழுத்திய கையை எடுக்காமல் நேராக அவனை நோக்கிப் போனாள்.

அவன் பயப்படவில்லை. முகக்கவசத்தை ஏற்றினான், கண்ணாடியை இறக்கினான், வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். ஒவ்வொன்றும் நிதானமாக. கடந்துபோகும்போது வேகத்தைக் குறைத்து, பக்கத்து வீட்டுக்காரன் நலம் விசாரிப்பதுபோல் கேட்டான்:

“லோகேஸ்வரி அக்கா, நீங்க ரோகிணிதானே?”

தாமரையின் இரண்டு கால்களிலும் சக்கரத்தின் அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. உதடு கிழிந்திருந்தது. இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. கிளினிக்கில் கட்டுப்போட்டு வீட்டுக்கு வந்து கதவை இரண்டு பூட்டும் போட்டபிறகு, லோகேஸ்வரி நாற்காலியில் உட்காராமல் தரையில், தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள்.

“நான்தான் சொன்னேன். கோயில்ல. உன் பேர.”

“தெரியும்.”

“மைக்குல வந்துச்சே, அப்பவா?”

“ஒம்பது வருஷமாத் தெரியும்க்கா. ஒன் பக்கத்துலதானே நிக்கிறேன்.”

லோகேஸ்வரி நிமிர்ந்தாள். “ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றாள்.

“மத்த எல்லா எடத்துலயும் தாமரைன்னு கூப்பிடுற. அந்த ஒரு எடத்தயும் கேட்டா பேராசைன்னு நெனச்சேன்.” கிழிந்த உதட்டோடு அவள் சிரிக்கப் பார்த்தாள். “பேரு மாறுனா விலாசம் தெரியாதுன்னா, அது சாமியாக்கா, போஸ்ட் ஆபீசா?”

அக்கா அழுதாள். கையுறையில் அரும்பும் சொட்டைப்போல முதலில் ஒன்றுதான் வந்தது, பிறகு நிற்கவில்லை. தாமரை நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கீழே திருப்பத்தில் ஒரு மோட்டாரின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் கேட்டது.

“நாளைக்குப் போலாம்,” என்றாள் தாமரை. “என் பேரோட நின்னிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அவன் ஒன் பேரச் சொல்லிட்டான்.”

காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கூட்டமில்லை. முகப்பில் இருந்த இளம் கோப்ரல் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த பெயரை “என்சிக்” என்று மலாயில் ஆண்களுக்குரிய மரியாதைச் சொல்லோடு உரக்கப் படித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தாமரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தங்கச்சி, துவான்,” என்று அந்த ஐயாவிடம் மலாயில் சொன்னாள் லோகேஸ்வரி. கோப்ரல் இருவரையும் பார்த்தார். தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

அவள் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தாள். முப்பத்தொரு வரிகள். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

“காக், எங்கே வேலை?” என்றார், மலாய்க்காரர்கள் அக்காவை அழைக்கும் விதத்தில்.

“கையுறை ஃபேக்டரி. சோதனைப் பிரிவு.”

“அதுதான் பார்த்தேன்,” என்றார். கடைசிக் கட்டத்தில் வரிசையாகப் போட்டிருந்த கோடுகளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். “ஆனால் ஹெல்மெட், முகக்கவசம், வண்டி எண் இல்லை. நீல மோட்டார் கிள்ளானில் எத்தனை இருக்கும்? ஆளை எப்படி அடையாளம் காட்டுவீர்கள்?”

அதுவரை வாய் திறக்காத தாமரை, “ஒரு தாள் கொடுங்க, துவான்” என்றாள்.

அவள் வரைந்தாள். குதிரை லாடம்போல ஒரு வளைவு, அதில் பதினான்கு பல். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அகலம், சாய்வு. “முகக்கவசத்த இறக்கியிருந்தான். என் மூஞ்சிக்கு நேரா. அவ்வளவு நேரம் எனக்குப் போதும். மேல் வரிசை, இடப்பக்கம் கோரைப்பல் சொந்தப் பல் இல்ல. கழட்டி மாட்டுற தட்டு. அடுத்த பல்லுல கம்பிக் கொக்கி இருக்கு, வெளிய தெரியுது. பல் நிறம் ரெண்டு படி அதிக வெள்ளை. ஈறு நிறமும் தப்பு. முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி.” நகத்தால் அளந்து காட்டினாள். “எங்க பட்டறை வேலை இல்ல. நாங்க இவ்வளவு மோசமாச் செய்ய மாட்டோம்.”

கோப்ரல் சிரித்தார். ஒரு போலீஸ் நிலையத்தில் தாமரை கேட்டதில் அவளைப் பார்த்துச் சிரிக்காத முதல் சிரிப்பு அது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போன வருஷம் உன் மாதிரி ஒருத்தி இங்கே வந்தாள். இதே பல்லைத்தான் சொன்னாள், என் சார்ஜன்ட்டுக்கு ஞாபகம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் நேரத்தில் பயந்துகொண்டு எழுந்து போய்விட்டாள். கையெழுத்து இல்லாததை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.”

“இப்ப அவங்க எங்க இருக்காங்க?” என்றாள் லோகேஸ்வரி.

கோப்ரல் அச்சடித்து வந்த தாளை நேராக்கினார். “அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. வீடும் காலி,” என்றார். “ஒன்று சொல்லிவிடுகிறேன். இவனைப் பிடித்தால் கேஸ் நடக்கும். இந்தத் தாளை அவனும் படிப்பான். யோசித்துப் போடு.”

வெளியே, நிலையத்து வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு மோட்டார் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாமரை கட்டுப்போட்ட கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். பழைய கிறுக்கலின் முதல் வளைவுக்குப் போன கை பாதியில் நின்றது. பேனாவைத் தூக்கினாள். பிறகு தமிழில், சின்னப் பிள்ளை சிலேட்டில் எழுதுவதுபோல, மூன்று எழுத்துகளையும் பிரித்துப் பிரித்து எழுதினாள்.

கோப்ரல் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “இது வேறு பெயர் அல்லவா?”

“அட்டையில உள்ள பேர நீங்க மேல அடிச்சிருக்கீங்க, துவான்,” என்றாள் லோகேஸ்வரி. “இது அவ கையெழுத்து.”

அவர் கொஞ்சம் யோசித்தார். முத்திரையை எடுத்துக் குத்தினார். “தேதியும் போடு,” என்றார்.

தாமரை தன் பெயருக்குக் கீழே எழுதினாள்: 14 மார்ச் 2024.